நம் கமிட்டை நாளை ஒருவர் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்

பலர் சேர்ந்து எழுதும் கட்டற்ற மென்பொருள் ஒவ்வொன்றும், தன் மூல நிரலுக்குள் மாற்றங்களை எப்படிச் சேர்க்க வேண்டும் என்று தனக்கென நெறிமுறை வகுத்து வைத்திருக்கிறது. லினக்ஸ் கெர்னலின் நெறிமுறை ஒரு விதம், போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் நெறிமுறை இன்னொரு விதம், டெபியன் இயங்குதளத்தின் வழக்கம் வேறொரு விதம். முதன்முறை படிக்கும் மாணவருக்கு இவை தொடர்பில்லாத பல கட்டுப்பாடுகளாகத் தெரியும். என் வாசிப்பில் அவற்றில் பெரும்பாலானவை ஒரே எதிர்பார்ப்பிலிருந்து கிளைத்தவை: நாம் இன்று கமிட்டாக, அதாவது வரலாற்றில் பதிவாகும் ஒரு மாற்றமாக, சேர்ப்பதை, நம்மை அறியாத ஒருவர், நம்மிடம் கேட்க வழியில்லாத ஒரு நாளில், பிறர் வேலைக்குச் சேதமில்லாமல் தனியே பிரித்தெடுக்க முடிய வேண்டும், எடுக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கப் போதுமான காரணமும் அவருக்கு அங்கேயே கிடைக்க வேண்டும்.

இதை விரிவாக எழுதத் தூண்டியவர்கள் மதுரையில் என்னோடு வேலை செய்யும் இளையவர்கள். தமிழ் உரையில் எழுத்தெண்ணவும், அகர வரிசைப்படுத்தவும், சொற்பட்டியல் எடுக்கவும் பயன்படும் ஒரு பைத்தான் நிரலகத்தை எங்கள் சிறு குழு பராமரித்து வருகிறது. இலந்தைகுளம் ஐடி பூங்காவில் வேலை பார்ப்பவர்கள், திருப்பரங்குன்றம் பக்கமும் மேலூர்ச் சாலையிலும் உள்ள கல்லூரிகளில் படிப்பவர்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள் கே.கே. நகரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறோம். இறுதியாண்டு மாணவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுவதற்கு ஒரு பங்களிப்பு வேண்டும் என்பதற்காகவும் வருகிறார்கள். அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எண்ணிக்கை மட்டுமே நோக்கமாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு கட்டற்ற மென்பொருள் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வு 2020ஆம் ஆண்டில் நடந்த விதம் சான்றாக இருக்கிறது. அக்டோபர் மாதத்தில் நான்கு புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தை ஏற்கும்படி திட்டத்துக்கு வைக்கும் கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் உண்டு என்ற அறிவிப்பை நம்பி, ஒரு சொல்லை மட்டும் மாற்றிய பயனற்ற கோரிக்கைகள் உலகெங்கும் திட்டங்களில் குவிந்தன. பராமரிப்பாளர்கள் வெறுத்துப்போனதால், தாமாக இசைவு தெரிவித்த திட்டங்களுக்குச் செல்லும் கோரிக்கைகளை மட்டுமே கணக்கில் எடுப்பது என்று அமைப்பாளர்கள் அந்த நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே விதியை மாற்ற நேர்ந்தது.

எங்கள் நிரலகத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் நான் கருதுவது தெளிவாகும். 'ஔவையார்' என்ற பெயரைப் பலர் 'ஒ' என்ற எழுத்தையும் 'ள' என்ற எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'ஒளவையார்' என்று உள்ளிடுகிறார்கள். பார்ப்பதற்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது. கணினிக்கோ அவை வெவ்வேறு சரங்கள்; ஆகவே ஒருவரே பட்டியலில் இரண்டு இடங்களில் வருவார். 'கௌதமர்' என்பதை ஒற்றைக்கொம்பும் 'ள'வும் கொண்டு 'கெளதமர்' என்று தட்டுவதும் இதே வகைதான். இதைச் சரிசெய்ய ஒரு மாணவர் எழுதிய நிரல், 'ஒ'வுக்கோ ஒற்றைக்கொம்புக்கோ பின் வரும் 'ள'வின் மீது உயிர்மெய்க் குறியோ புள்ளியோ இல்லாத இடங்களில் எல்லாம் அதை ஔகாரமாக மாற்றியது. 'ஒளி', 'ஒள்ளிய', 'கெளுத்தி' போன்ற சொற்களைக் காப்பாற்றும் அளவுக்கு அவர் யோசித்திருந்தார், நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்களும் எழுதியிருந்தார். நல்ல வேலை என்றே அது ஏற்கப்பட்டது.

சில மாதங்கள் கழித்து, உசிலம்பட்டிப் பக்கத்து நாட்டார் கதைகளைத் தொகுத்து வந்த ஓர் ஆய்வாளர், கதைகளில் வரும் 'கெளவி' எல்லாம் 'கௌவி' ஆகிவிட்டதாக எங்களுக்கு எழுதினார். நம் பக்கத்துப் பேச்சில் கிழவி கெளவியாகிறாள், விளக்கு வெளக்காகிறது. எழுத்துவழக்கை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி பேச்சுவழக்கில் வந்த கதைகளைச் சிதைத்துவிட்டது. உடனே அந்த மாற்றத்தை விலக்கிவிடலாம் என்று பார்த்தால் விலக்க முடியவில்லை. அதே கமிட்டில் எழுத்தெண்ணும் செயற்கூறில் இருந்த வேறொரு வழுவும் திருத்தப்பட்டிருந்தது. அதோடு கோப்பு முழுவதும் உள்தள்ளல் மாற்றப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் மாறியவையாகத் தெரிந்தன. அதன் மேல் வேறு சிலரின் கமிட்களும் வந்து அமர்ந்திருந்தன. ஒரு கமிட்டைத் திரும்பப் பெறும் ரிவர்ட் கட்டளை எல்லா இடத்திலும் முரண்பாடு காட்டி நின்றது. கடைசியில் எங்களில் ஒருவர், வரி வரியாகப் படித்து, எது எதற்காக மாற்றப்பட்டது என்று ஊகித்து, கையாலேயே பிரித்தெடுத்தார்.

அப்போது எங்களிடம் எழுதப்பட்ட நெறிமுறை இருக்கவில்லை. அதன் பிறகு எழுதிய முதல் விதி, ஒரு கமிட்டில் ஒரே ஒரு நோக்கம்தான் இருக்கலாம் என்பது. வழுத் திருத்தம் தனி, புதிய வசதி தனி, வெற்றிடங்களையும் பெயர்களையும் ஒழுங்குபடுத்துவது தனி. இவற்றை ஒன்றாக்கி அனுப்பிய இன்னொரு மாணவர், "அக்கா, டெஸ்ட் எல்லாம் பாஸாகுது, அப்புறம் எதுக்கு மூணாப் பிரிக்கணும்?" என்று கேட்டார். "ஒன்னு தப்பாப் போச்சுன்னா மத்த ரெண்டையும் சேத்துல்ல தம்பி எடுக்க வேண்டியிருக்கும்" என்றேன். கமிட் அளவில் சிறியதாக இருக்க வேண்டும் என்று பலர் சொல்வதை நான் இந்தப் பொருளில்தான் எடுத்துக்கொள்கிறேன். வரிகளின் எண்ணிக்கை முக்கியமில்லை. ஒரு செயற்கூறின் பெயரை மாற்றினால் நூறு கோப்புகள் மாறலாம். அது ஒரே நோக்கம் என்பதால் ஒரே கமிட்டாக இருப்பதுதான் சரி. மாறாக, பத்து வரிகளுக்குள் இரண்டு நோக்கங்கள் இருந்தால் அவை இரண்டு கமிட்களாகப் பிரியத்தான் வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் இதிலிருந்தே வருகிறது. தொடரில் உள்ள ஒவ்வொரு கமிட்டும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தாலும் நிரல் ஓட வேண்டும், டெஸ்ட்கள் தேற வேண்டும். "அடுத்த கமிட்டில் சரியாகிவிடும்" என்ற நிலையில் ஒன்றை விட்டுவைத்தால், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருளான கிட் தரும் மிகச் சிறந்த கருவிகளில் ஒன்றான பைசெக்ட் பயனற்றுப் போகும். சரியாக ஓடிய பழைய நிலை ஒன்றையும் பழுதான இன்றைய நிலையையும் காட்டினால், அந்தக் கருவி இடையிலுள்ள வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும். இடையில் ஆயிரம் கமிட்கள் இருந்தாலும் ஏறத்தாழ பத்துச் சோதனைகளில் பழுது புகுந்த கமிட்டைக் கண்டுபிடித்துவிடலாம். வழியில் ஓடவே ஓடாத கமிட்கள் கிடந்தால் ஒவ்வொன்றையும் தாண்டிப் போக நேர்ந்து, கடைசியில் "இவற்றில் ஏதோ ஒன்று" என்ற விடைதான் மிஞ்சும். லினக்ஸ் கெர்னலின் ஒவ்வொரு வெளியீட்டிலும், அதாவது ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. கமிட்கள் தனித்தனியே முழுமையாக இல்லாவிட்டால் அந்தப் பெருக்கில் ஒரு வழுவின் மூலத்தைத் தேடிப் பிடிக்க முடியாது.

ஒவ்வொரு கமிட்டோடும் பதிவாகும் குறிப்பான செய்தியை எழுதுவது பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கமிட் செய்தியின் தலைப்பு ஐம்பது எழுத்துகளுக்குள் இருக்கட்டும், ஒரு வரி இடைவெளி விட்டு விளக்கம் வரட்டும், விளக்கத்தின் வரிகள் எழுபத்திரண்டு எழுத்துகளில் மடியட்டும் என்பது கிட் பயனர்களிடையே வேரூன்றிய வழக்கம். இது பழகிவிடும். பழகாமல் போவது விளக்கத்தின் உள்ளடக்கம். "வழு திருத்தப்பட்டது", "நிரல் புதுப்பிக்கப்பட்டது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்ன மாறியது என்பதை மாற்றமே காட்டிவிடும். ஏன் மாறியது, மாற்றும் முன் நிலைமை எப்படி இருந்தது, வேறு என்ன வழிகள் பரிசீலிக்கப்பட்டு எந்தக் காரணத்தால் கைவிடப்பட்டன, எந்தச் சூழலில் இந்த மாற்றம் செல்லாது என்பவற்றை எழுதியவர் சொன்னால்தான் உண்டு. ஔகார மாற்றத்தின் செய்தியில் "பேச்சுவழக்கு உரைகளில் சோதிக்கவில்லை" என்ற ஒரு வரி இருந்திருந்தால், மறுபார்வையிலேயே நம் ஊர்க்காரர் யாராவது 'கெளவி'யை நினைவுபடுத்தியிருப்பார்.

ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு அச்சில் கொண்டுவந்த பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தது எனக்கு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. தாம் ஏற்ற பாடத்தை மட்டும் அச்சிட்டு நிறுத்தியிருந்தால் பக்கம் சுத்தமாக இருந்திருக்கும். எந்தச் சுவடியில் எந்தப் பாடம் இருந்தது என்பதையும் அவர்கள் சேர்த்துக் கொடுத்ததால், நூறாண்டுகளுக்குப் பின் வரும் ஒருவர் அவர்களுடைய தேர்வை ஏற்கவும் மறுக்கவும் முடிகிறது. 1901இல் தமிழ்ச் சங்கம் தொடங்கிச் சுவடிகளைத் தேடிச் சேர்த்த இந்த ஊரில், காரணத்தைப் பதிவு செய்யும் பழக்கத்தை இளையவர்களுக்கு எடுத்துச் சொல்வது கடினமாக இருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

செய்தியை எந்த மொழியில் எழுதுவது என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. உலகெங்கும் உள்ளவர்கள் படிக்கும் திட்டத்துக்கு அனுப்பும்போது அந்தத் திட்டத்தின் மொழியில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், எழுதித்தான் ஆக வேண்டும். தமிழ் உரையைக் கையாளும் எங்கள் நிரலகத்தில் தலைப்பு வரி ஆங்கிலத்திலும், இலக்கணக் காரணம் தேவைப்படும் இடத்தில் விளக்கம் தமிழிலும் இருக்கலாம் என்று முடிவு செய்தோம். புணர்ச்சி விதி ஒன்றின் விலக்கை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், மாணவர்கள் அந்த விலக்கைக் குறிப்பிடாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தோம். தமிழில் எழுதச் சொன்னபோது அதே மாணவர்கள் அரைப்பக்கம் எழுதினார்கள். தமிழாசிரியரும் மறுபார்வையில் கலந்துகொள்ள முடிந்தது. கிட் தன் செய்திகளை இயல்பாகவே யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் வைத்துக்கொள்வதால் தொழில்நுட்பத் தடையும் இல்லை.

டெஸ்ட்களைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். வழுவைத் திருத்தும் கமிட்டோடு, திருத்தத்துக்கு முன் தோற்று, பின் தேறும் ஒரு டெஸ்ட் வர வேண்டும். தமிழில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. 'கொடி' என்பதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் வைக்கலாம். தரத்தின்படி இரண்டும் சமம். 'மதுரை' என்பது நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியெண், யுடிஎஃப்-8இல் பதினைந்து பைட். இவற்றில் எதை எண்ணுகிறோம் என்று சொல்லாத டெஸ்ட் பிற்பாடு வருபவரைத் திசைதிருப்பும்.

தனக்குப் புரியாத வரியை நீக்குவதில் உள்ள ஆபத்துக்கு டெபியனில் நடந்ததைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2006இல், குறியாக்க நிரலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் தொகுப்பை டெபியனுக்காகப் பராமரித்தவர், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி எச்சரிக்கை தந்ததால், தொடக்க மதிப்பு இடப்படாத நினைவகத்தைப் பயன்படுத்துவதாகத் தெரிந்த இரண்டு வரிகளை விலக்கினார். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. அவற்றுள் ஒன்றை நீக்கியதால் பெரிய பாதிப்பு இல்லை. மற்றொன்றின் வழியாகத்தான் சமவாய்ப்பு எண்களுக்கான மூலத் தரவு முழுவதும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அது போனபின், சாவிகளை உருவாக்கும்போது வேறுபாடு தருவதாக எஞ்சியது நிரலோட்டத்தின் அடையாள எண் மட்டுமே. அது அதிகபட்சம் 32,768 மதிப்புகளுக்குள் அடங்கிவிடும். அந்தக் காலத்தில் டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த நிரலகத்தைக் கொண்டு உருவாக்கப்பட்ட, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகள் ஊகிக்கக் கூடியவை ஆயின. 2008 மே மாதத்தில்தான் அது வெளியே தெரிந்தது. இத்தனைக்கும் அவர் ஓப்பன்எஸ்எஸ்எல் உருவாக்குநர்களின் அஞ்சல் குழுவில் அந்த வரிகளைப் பற்றிக் கேட்டிருந்தார். கடுமையான மறுப்பு வரவில்லை. ஆனால் மாற்றம் மூலத் திட்டத்துக்குள் சேர்க்கப்படாமல் டெபியனின் தொகுப்பில் மட்டும் தங்கிவிட்டது. ஆகவே, எந்தத் திட்டத்தின் நிரலைத் தொடுகிறோமோ அந்தத் திட்டத்துக்கே முழு மாற்றத்தையும் அனுப்பி, அதை எழுதியவர்களின் கண்ணில் படச் செய்ய வேண்டும் என்ற வழக்கத்தை நான் வெறும் மரியாதையாகக் கருதுவதில்லை.

அடுத்தது, நிரல் எங்கிருந்து வந்தது என்பதற்கான பொறுப்பு. 2003இல் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்து, தன் யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் போயிருப்பதாகக் கூறியது. அடுத்த ஆண்டே லினக்ஸ் கெர்னல் திட்டம், ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் 'சைன்டு-ஆஃப்-பை' என்ற வரியில் அனுப்புபவரின் பெயரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இந்த நிரலை நான் எழுதினேன், அல்லது இந்த உரிமத்தில் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று அதில் ஒப்பமிடுபவர் சான்றளிக்கிறார். ஐடி நிறுவனங்களில் வேலை பார்க்கும் எங்கள் நண்பர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு: அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில் எழுதியது பெரும்பாலும் பணி ஒப்பந்தப்படி நிறுவனத்துக்கே சொந்தம். அனுமதி பெறாமல் அதைக் கொண்டுவந்து சேர்த்தால், பிற்பாடு அதை நீக்கும் வேலை நம் தலையில் விழாது. பராமரிப்பவர்களின் தலையில்தான் விழும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எழுதித் தரும் நிரலைப் பற்றியும் கேட்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புகளில் ஒன்றான ஜென்டூ 2024இல் அத்தகைய பங்களிப்புகளை ஏற்பதில்லை என்று முடிவெடுத்தது; வேறு திட்டங்கள் நிபந்தனைகளோடு ஏற்கின்றன. எங்கள் குழுவில் வைத்திருக்கும் அளவுகோல், அனுப்புபவர் ஒவ்வொரு வரிக்கும் தன் வாயால் காரணம் சொல்ல முடிய வேண்டும் என்பதே. மறுபார்வையில் கேள்வி கேட்டால் கருவியிடம் கேட்டு வந்து பதில் சொல்லும் நிலை இருந்தால், அந்த மாற்றம் இன்னும் கமிட் ஆகும் நிலைக்கு வரவில்லை.

நேரடியாக கமிட் செய்யும் உரிமை என்பது தனியாகப் பேச வேண்டிய ஒன்று. பல திட்டங்களில் நீண்ட நாள் நல்ல மாற்றங்களை அனுப்பியவருக்கு அந்த உரிமை கிடைக்கிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத் திட்டத்தில் உரிமை பெற்ற புதியவருக்கு வழிகாட்டி ஒருவரும் அமைகிறார். தொடக்கக் காலத்தில் அவருடைய ஒப்புதலோடுதான் கமிட் செய்ய வேண்டும். நம்பிக்கை வளர்வதற்கு இது நல்ல முறைதான். ஆனால் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்துக்குப் பிறகு, நம்பிக்கை மறுபார்வைக்கு ஈடாகாது என்பதைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எக்ஸ்இசட் என்பது பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் உள்ள, தரவைச் சுருக்கும் நிரலகம். அதில், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாகப் பங்களித்துப் பராமரிப்பாளர் உரிமை பெற்ற ஒரு கணக்கு, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்றை வைத்தது. எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரஸ் உருவாக்குநரால்தான் அது பிடிபட்டது. கள்ள நிரல் ஒளிந்திருந்த இடம் டெஸ்ட்களுக்கான இருமக் கோப்புகள். மனிதர் படித்துப் பார்க்க முடியாதவை என்பதால் யாரும் அவற்றைத் திறந்து பார்த்திருக்கவில்லை. அதைப் படித்த பின் எங்கள் நிரலகத்தில் டெஸ்ட் தரவு அனைத்தும் கண்ணால் படிக்கக்கூடிய சாதாரண உரையாகவே இருக்க வேண்டும் என்று விதி சேர்த்தோம். பழைய பராமரிப்பாளர் அந்தத் திட்டத்தைத் தனியொருவராகச் சுமந்து களைத்திருந்தார் என்பதும், சீக்கிரம் அடுத்தவருக்கு உரிமை கொடுங்கள் என்று அவருக்கு நெருக்கடி தரப்பட்டது என்பதும் என்னை மிகவும் வருத்திய செய்திகள்.

மறுபார்வை செய்பவரிடமும் நெறி இருக்க வேண்டும். மேலூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு மாணவி தன் முதல் மாற்றத்தை அனுப்பி மூன்று வாரம் பதிலே வராமல் காத்திருந்தால், அடுத்த மாற்றம் அவரிடமிருந்து வராது. ஏற்க முடியாவிட்டால் காரணத்தோடு மறுப்பது, மௌனத்தைவிட எவ்வளவோ மேல். குறை நிரலைப் பற்றியதாக இருக்க வேண்டும், எழுதியவரைப் பற்றியதாக இருக்கக் கூடாது. இடைவெளி, பெயரிடும் முறை போன்றவற்றைச் சரிபார்க்கத் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. அவற்றைக் கருவியிடம் விட்டுவிட்டு, மனிதர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகளை மனிதர் கேட்கட்டும்.

எல்லோரும் தம் வேலைக்கு அடிப்படையாகக் கொள்ளும் பொதுக் கிளையில் ஏதோ உடைந்துவிட்டால், முதலில் ரிவர்ட் செய்துவிட்டுப் பிறகு பேசுவது என்பது எங்கள் வழக்கம். இதை அவமானமாக எடுத்துக்கொள்ளும் புதியவர்களிடம், உடைந்த கிளையின் மேல் மற்ற எல்லோரின் வேலையும் நின்றுபோவதை விளக்குகிறோம். ரிவர்ட்டும் ஒரு கமிட்தான். ஆகவே அதற்கும் காரணம் எழுத வேண்டும். கிட் தானாக நிரப்பும் செய்தி எந்த கமிட் திரும்பப் பெறப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். எது உடைந்தது, யாருக்கு உடைந்தது, எந்த நிபந்தனை நிறைவேறினால் மீண்டும் ஏற்கலாம் என்பதை நாம்தான் சேர்க்க வேண்டும். ஒருவரின் தனிக் கிளையைப் பொதுக் கிளையோடு இணைக்கும் மெர்ஜ் கமிட் ஒன்றை ரிவர்ட் செய்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அந்தக் கிளையைத் திருத்தி மறுபடி மெர்ஜ் செய்யும்போது பழைய மாற்றங்கள் திரும்பி வருவதில்லை. அவை ஏற்கெனவே வரலாற்றில் சேர்ந்தவை என்றே கிட் கணக்கிடும், புதிதாக எழுதிய திருத்தம் மட்டும் வந்து சேரும். அத்தகைய நேரத்தில் முன்பு செய்த ரிவர்ட்டை முதலில் ரிவர்ட் செய்து, அதன்மேல் திருத்தத்தை மெர்ஜ் செய்ய வேண்டும். அந்தக் கிளையை வைத்திருப்பவருக்கு இது தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாமல், ரிவர்ட் செய்பவரே தன் செய்தியின் கடைசிப் பத்தியில் இந்த வழியை எழுதிவைத்துவிட வேண்டும்.